நீங்கள் சுட்ட பூச்சி அங்கே இல்லை

குறி பூச்சியின் தலையில் நிற்கிறது. விசையை அழுத்தியதும் பூச்சி சிதறி விழுகிறது. விளையாடுபவருக்கு அதற்குமேல் யோசிக்க நேரமில்லை, அடுத்தது பாய்ந்து வருகிறது. ஆனால் ஆறுதலாக இருந்து கணக்குப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். விசையை அழுத்திய கணத்தில் அந்தப் பூச்சி அந்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு மீற்றர் அளவுக்குத் தள்ளி ஓடிவிட்டிருந்தது. திரையில் தெரிந்தது அதன் பழைய நிலை. இல்லாத இடத்தைப் பார்த்துச் சுட்டும் அது எப்படிச் செத்தது?

ஆட்டத்தின் பெயர் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்: எக்ஸ்டெர்மினேஷன்'. கனடாச் சரக்கு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒஃப்வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸ் செய்தது. 2023 மே 17 இல், வேலை முடியுமுன்னரே, விளையாடுபவர்கள் சொல்லச் சொல்லத் திருத்திக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் விற்பனைக்கு வந்தது. முழு வடிவம் 2024 ஒக்ரோபர் 11 இல் வெளியானது. போல் வெர்ஹோவன் 1997 இல் எடுத்த படத்தின் உலகம்தான் இதன் உலகம்: வேற்றுக் கிரகம், ஆளுயரத்தை மிஞ்சிய பூச்சிகள், அலை அலையாக அவற்றை எதிர்கொள்ளும் காலாட்படை. படம் போர்ப் பிரசாரத்தைக் கிண்டலடித்தது. வந்த காலத்தில் பலர் கிண்டலைக் கவனிக்காமல் பூச்சியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆட்டத்திலும் பூச்சிதான் முன்னுக்கு நிற்கிறது. 16 பேர், நான்கு நான்கு பேராக நான்கு அணிகள். எல்லாரும் ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் முழுக்கக் கணினி.

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நண்பர் ஒருவரின் மகன் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தும், இடையிடையே கையில் வாங்கி விளையாடியும் மனதில் பதிந்ததைச் சொல்கிறேன். சுடுவது ருசிக்கிறது. அதைவிட ருசி, மதிலும் காவல் கோபுரமும் எழுப்பித் தளம் ஒன்றை ஆள் ஆளாகச் சேர்ந்து காப்பது. படத்தில் பாலைவனக் கோட்டையைப் பூச்சிகள் சூழ்ந்து ஏறும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு உடல் சிலிர்க்கும். சில பணிகள் ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை என்ற கணக்கில் இருக்கின்றன. பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்கும் பூச்சியும் உண்டு. போரைத் தாண்டி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பொழுதுபோக்குக்குப் போரா விளையாடுவது என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்களும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். அந்த அலுப்பில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். என்னை இழுத்தது வேறொன்று. திரையின் மூலையில் சின்னதாக ஓர் எண் துடித்துக்கொண்டிருந்தது. 31, 33, 30, திடீரென்று 140. அதை 'பிங்' என்கிறார்கள்: ஆட்டத்தை நடத்தும் தொலைக் கணினிக்கு, அதாவது சேர்வருக்கு, ஒரு செய்தி போய்வர எடுக்கும் நேரம், மில்லிசெக்கனில்.

அந்த எண் இல்லாத காலமும் இருந்தது. வெர்ஹோவனின் படம் வந்த அதே 1997 இல்தான் நின்ரெண்டோ 64 இல் 'கோல்டன்ஐ 007' வந்தது. ஜேம்ஸ் பொண்ட் படத்தை வைத்துச் செய்த ஆட்டம். அதில் நாலு பேர் சேர்ந்து விளையாடும் பகுதி, வேலை முடியப்போகும் கடைசி மாதங்களில்தான் சேர்க்கப்பட்டது. ஆட்டத்தின் பெயரைக் காப்பாற்றியது அதுதான். ஒரு ரீவி, நாலாகப் பிரித்த திரை, ஒரே சோபாவில் நாலு பெடியள். நால்வரின் துப்பாக்கியையும் ஒரே பெட்டிதான் கணக்கிட்டது. பெட்டிக்குள் இருந்த மணிக்கூடு ஒன்றே ஒன்று. ஆகவே 'இப்போது' என்பதும் ஒன்றே ஒன்று. யார் முதலில் சுட்டது என்பதில் வழக்கே இல்லை. பக்கத்தில் இருப்பவனின் கால்பங்குத் திரையை எட்டிப் பார்த்தான் என்ற சண்டை மட்டும்தான்.

16 பேர் 16 வீடுகளில் இருந்து விளையாடத் தொடங்கியதும் அந்த ஒற்றை 'இப்போது' உடைந்துபோனது. நடுவில் தூரம் புகுந்துவிட்டது.

சென் ஜேம்ஸ் ரவுணின் கோபுரங்களுக்குக் கனடா நகரங்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். 1960 களில் எழுந்த 19 கட்டடங்கள். சில 30 மாடிகளைத் தாண்டும். ஷெர்போர்ன் தெருவுக்கும் பார்லிமென்ட் தெருவுக்கும் இடையில் நின்றபடியே ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு நடந்துபோய்விடலாம். அசல் நகரங்களோ அப்படி இல்லை. ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் நேர்கோட்டில் சுமார் 505 கிலோமீற்றர், ஹலிஃபாக்ஸ் 1,265, வினிபெக் 1,510, வன்கூவர் 3,360. கண்ணாடி இழைக்குள் ஒளி வெற்றிடத்தில் போகும் வேகத்தின் மூன்றில் இரண்டு பங்கில்தான் போகிறது, செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர். ஆகவே 100 கிலோமீற்றர் தூரத்துக்குப் போய்வர ஒரு மில்லிசெக்கன், அதாவது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொன்றியலுக்குப் போய்வர 5, வன்கூவருக்குப் போய்வர 34. இதுதான் அடிமட்டம். இழை நேர்கோட்டில் போவதில்லை. ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் ஒட்டி வளைந்து போகிறது, வழியில் ஒவ்வொரு சந்தியிலும் தரவுப் பொதியைப் பிரித்து முகவரி பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள். நடைமுறையில் இந்த எண்கள் ஒன்றரை, இரண்டு மடங்காகிவிடும்.

தாமதம் எப்படி உணர்வைக் குழப்பும் என்று நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. செய்மதி வழியாக ஊருக்குத் தொலைபேசி எடுத்த காலத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்லை, நீங்கள் சொல்லுங்கோ" என்று காசைக் கரைத்தது நினைவிருக்கும். புவிநிலைச் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. குரல் மேலே ஏறி இறங்கக் கால் செக்கன், மறுமொழி திரும்பிவர அரைச் செக்கன். அந்த அரைச் செக்கனில் ஒரு தாய் 'மகன் ஏன் பேசாமல் இருக்கிறான்' என்று பயந்துபோவாள். துப்பாக்கி ஆட்டத்தில் அதே அரைச் செக்கனுக்குள் மூன்று பூச்சிகள் மேலே ஏறிவிடும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து புறப்படும் பொதிகளில் கணிசமானவை தெற்கே சில கிலோமீற்றர் போய், யூனியன் ஸ்ரேஷனுக்கு அருகில் 151 ஃப்ரொன்ற் வீதி மேற்கில் இருக்கும் கட்டடத்தைத் தொட்டுவிட்டுத்தான் உலகத்துக்குப் போகின்றன. பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லாத கட்டடம். தந்தித் தொடர்புக் காலத்தில் கட்டியது. இன்று நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் இழைகள் அங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அங்குள்ள இயந்திரங்களின் சூட்டைத் தணிப்பது ஒன்ராறியோ ஏரியின் அடிநீர். 83 மீற்றர் ஆழத்தில் வருடம் முழுக்க 4 பாகை செல்சியஸில் கிடக்கும் தண்ணீரை 2004 முதல் குழாயில் இழுத்து, அதன் குளிரை மட்டும் கழற்றி நகர மையத்துக் கட்டடங்களுக்குக் கொடுக்கிறார்கள். குளிரைக் கொடுத்த தண்ணீர் அப்படியே நகரின் குடிநீர்க் குழாய்களில் சேர்ந்துவிடுகிறது. ஆட்டத்தின் பொதிகள் கடந்துபோன இயந்திரத்தைக் குளிர்வித்த நீர் இந்த ஊரின் குசினிக் குழாய்களில் வருகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பிங் 140 க்குத் தாவியதற்கு ஏரியும் காரணமில்லை, வன்கூவரும் காரணமில்லை. அறைக்குள் இருந்து பெடியன் கத்தினான்: "அம்மா, லாக் அடிக்குது, மைக்ரோவேவை நிப்பாட்டுங்கோ!" குசினியில் சோறு சூடாகிக்கொண்டிருந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் பழைய வகை வைஃபையும் ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்காரர்கள். அடுப்பின் கதவிடுக்கால் கசியும் துளியளவு அலை ஆளுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் வைஃபையின் மெல்லிய குரலை மூடிவிட அது போதும். அதைவிடப் பெரிய சிக்கல் அயலவர்கள். 2.4 இல் ஒன்றையொன்று மிதிக்காத அலைத்தடங்கள் மூன்றுதான் உண்டு. ஒரு கோபுரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள். மேல்மாடி, கீழ்மாடி, இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாரும் அந்த மூன்றுக்குள்தான் நெரிபடவேண்டும். வைஃபைக் கருவி ஒவ்வொன்றும் பேசுமுன் காதைக் கொடுத்துக் கேட்கும். வேறொருவர் பேசினால் ஒதுங்கி, குருட்டாம்போக்கில் ஒரு சிறு நேரத்தைத் தெரிவுசெய்து காத்திருக்கும். மோதிக்கொண்டால் காத்திருப்பின் எல்லையை இரட்டிப்பாக்கும். நல்ல ஒழுங்கு, ஆனால் சனம் கூடக் கூடக் காத்திருப்பு நீளும். இரவு ஒன்பது மணிக்கு, படுக்கையறையில் இருந்து வரவேற்பறை ரவுட்டருக்குப் போகும் ஆறு மீற்றர், நேர அளவில் மொன்றியலைவிடத் தூரமாகிவிடுகிறது. மூன்று டொலர் ஈதர்நெற் வயர் ஒன்று அந்தத் தூரத்தை இல்லாமல் செய்யும். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறினாலும் பாதி நோய் தீரும். அந்த அலை கொங்கிரீற்றுச் சுவரைத் துளைக்கச் சிரமப்படுவதே இங்கே வரம், அயல்வீட்டு அலை உள்ளே வராது.

சரி, தாமதத்தை ஒழிக்க முடியாது. ஒளிக்கு வேகம் கூட்ட யாராலும் ஆகாது. பிறகு ஆட்டம் ஏன் உடனுக்குடன் நடப்பதுபோல் இருக்கிறது?

இங்கேதான் மூன்று தந்திரங்கள் வருகின்றன. மூன்றும் நேரத்தோடு விளையாடுபவை. முதலாவது, எதிர்காலத்தை ஊகிப்பது. 1996 ஜூனில் 'குவேக்' என்ற சுடும் ஆட்டம் வந்தபோது, முன்னே நட என்று பொத்தானை அழுத்தினால், அந்தச் செய்தி சேர்வருக்குப் போய், சேர்வர் கணக்கிட்டு, மறுமொழி வந்தபிறகுதான் கால் அசையும். அந்நாளைய மோடத்தில் 200, 300 மில்லிசெக்கன் எல்லாம் சாதாரணம். எண்ணெய்க்குள் நடப்பது மாதிரி இருக்கும். அதே வருட டிசம்பரில் அதன் நிரலாளர் ஜோன் கார்மாக் 'குவேக்வேர்ல்ட்' என்ற திருத்திய வடிவத்தை வெளியிட்டார். அதில் உங்கள் கணினி சேர்வருக்காகக் காத்திருக்காது. 'இப்படித்தான் தீர்ப்பு வரும்' என்று தானே ஊகித்து உங்களை நடக்கவிட்டுவிடும். தீர்ப்பு வேறாக வந்தால் சத்தமில்லாமல் இடத்தைத் திருத்திக்கொள்ளும். சிலவேளை பாத்திரம் ரப்பர் பட்டியால் இழுபட்டதுபோலப் பின்னுக்குப் போகிறதே, அது ஊகம் பிழைத்த கணம்.

இரண்டாவது, பிறரைக் கடந்தகாலத்தில் காட்டுவது. சேர்வர் செக்கனுக்கு 20, 30, 60 தடவைதான் 'யார் எங்கே' என்ற பட்டியலை அனுப்புகிறது. அப்படியே காட்டினால் எல்லாரும் தவளை மாதிரித் தத்துவார்கள். அதனால் உங்கள் கணினி வேண்டுமென்றே சற்றுப் பின்தங்கி, கையில் இருக்கும் இரண்டு பழைய பட்டியல்களுக்கு இடையில் வழுவழுப்பாகப் படம் வரைகிறது. வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்' பரம்பரை ஆட்டங்களில் இந்தப் பின்தங்கல் வழமையாக 100 மில்லிசெக்கன். ஆக, திரையில் உங்கள் கை எதிர்காலத்தில் இருக்கிறது, எதிரியின் கால் கடந்தகாலத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே சட்டகத்துக்குள். கண் இதைக் கண்டுபிடிப்பதில்லை.

மூன்றாவதுதான் செத்த பூச்சியின் மர்மம். சேர்வர் வேர்ஜீனியாவில் இருக்கிறது, சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து ஒருவழிக்கு 15 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். பூச்சியின் இருப்பிடம் உங்கள் வீட்டுக்கு வர 15. வழுவழுப்புக்காகப் பிடித்துவைத்தது 100. விசையை அழுத்துகிறீர்கள்; அந்தச் செய்தி சேர்வருக்குப் போக இன்னொரு 15. மொத்தம் 130. செக்கனுக்கு 8 மீற்றர் ஓடும் பூச்சி அதற்குள் ஒரு மீற்றருக்குச் சற்று மேல் ஓடிவிட்டது. உள்ளபடி பார்த்தால் குண்டு வெறும் மண்ணில்தான் படவேண்டும். ஆனால் சேர்வர் ஒரு வேலை செய்கிறது. கடந்த ஒரு செக்கன் அளவுக்கு யார் யார் எங்கெங்கே இருந்தார்கள் என்ற குறிப்பை எப்போதும் கையில் வைத்திருக்கிறது. உங்கள் குண்டு வந்ததும், உலகத்தை 130 மில்லிசெக்கன் பின்னுக்குச் சுற்றி, நீங்கள் கண்ட அதே நிலையில் பூச்சியை நிறுத்தி, அதில் குண்டு படுகிறதா என்று பார்த்து, 'பட்டது' என்று எழுதிவிட்டு, உலகத்தைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்து விடுகிறது. 16 பேருக்கும், ஒவ்வொரு குண்டுக்கும், அவரவர் தாமதத்துக்கு ஏற்ப வேறு வேறு அளவில். வால்வின் யான் பெர்னியர் 2001 இல் இந்த முறையை விளக்கி எழுதிய கட்டுரை இன்றைக்கும் இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் படிக்கும் பாடம்.

இதற்கு ஒரு விலை உண்டு. மனிதர்கள் மனிதர்களைச் சுடும் ஆட்டத்தில், நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துவிழுவேன். எதிரியின் திரையில் நான் இன்னும் வெளியே நிற்கிறேன், அவர் சுட்டார், சேர்வர் அவர் பக்கத்துக்குச் சாய்ந்தது. சுட்டவருக்கு நியாயம், பட்டவருக்கு அநியாயம். இரண்டு பேரையும் திருப்திப்படுத்தும் வழி இல்லை, யாரோ ஒருவரின் 'இப்போது' தோற்றே ஆகவேண்டும். எக்ஸ்டெர்மினேஷன் மாதிரியான கூட்டாட்டங்கள் இந்த இடத்தில் இலகுவாகத் தப்பிவிடுகின்றன. சுவருக்குப் பின்னால் செத்தேன் என்று பூச்சி முறைப்பாடு செய்யாது. அதனால் இந்த வகையில் சில ஆட்டங்கள் பின்னுக்குச் சுற்றும் சிரமத்தையும் விட்டுவிட்டு, சுட்டவரின் கணினி 'பட்டது' என்றால் பட்டதுதான் என்று நம்பிவிடுகின்றன. புதியவர்களுக்கும் பலவீனமான இணைப்பு உள்ளவர்களுக்கும் இவை இனிமையாக இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பூச்சி முறைப்பாடு செய்யாவிட்டாலும் தொகையால் வருத்தும். படத்தில் பூச்சிகளை உருவாக்கியவர் ஃபில் டிப்பெற், பொம்மையை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி உயிரூட்டும் பழைய கலையில் பேர்போனவர்; அந்த வேலை ஒஸ்கார் பரிந்துரை வரை போனது. அவருக்கு இருந்த வசதி நேரம். படத்துக்குச் செக்கனுக்கு 24 சட்டகம். ஒரு சட்டகத்தை வரையக் கணினியை மணிக்கணக்கில் ஓடவிடலாம். ஆட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. செக்கனுக்கு 60 சட்டகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். அதற்குள் பூச்சிகள் எல்லாம் யோசித்து, வழி தேடி, ஒன்றை ஒன்று இடிக்காமல் ஓடி, வரையப்பட்டும் ஆகவேண்டும்.

ஒவ்வொரு பூச்சியும் தனித்தனியாக வழி தேடினால் கதை கந்தல். கூட்டங்களை நடத்தும் ஆட்டங்களில் பழக்கமான வழி, தேடுவதைத் தலைகீழாக்குவது. இலக்கில் இருந்து, அதாவது உங்கள் கோட்டையில் இருந்து, வெளியே நோக்கி நிலம் முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் 'கோட்டைக்கு இந்தப் பக்கம்' என்று ஓர் அம்புக்குறியைப் பதித்துவிடுவார்கள். இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டால் போதும். பிறகு முந்நூறு பூச்சி வந்தாலும் மூவாயிரம் வந்தாலும், தான் மிதிக்கும் கட்டத்தின் அம்பைப் பார்த்தால் சரி. இடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு வேறொரு பரம்பரைச் சொத்து இருக்கிறது. கிரெய்க் ரெனோல்ட்ஸ் 1987 இல் வெளியிட்ட 'பொயிட்ஸ்': அயலாளை நெருக்காதே, அயலார் போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. மூன்றே விதி, பறவைக்கூட்டம் தயார். 1992 இல் 'பற்மன் ரிற்றேர்ன்ஸ்' படத்தின் வௌவால்கள் பறந்தது இந்த வழியில்தான். திரைப்படத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் இப்படி நெடுக நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த நெருக்கடி, இத்தனை பூச்சிகளின் செய்தியையும் 16 வீடுகளுக்கு அனுப்புவது. ஒரு பூச்சிக்கு 20 பைற், 300 பூச்சி, செக்கனுக்கு 30 தடவை என்று பெருக்கினால் ஒரு வீட்டுக்குச் செக்கனுக்கு 1,80,000 பைற், 16 வீட்டுக்கு ஏறத்தாழ 29 இலட்சம். தாங்காது என்றில்லை, ஆனால் இப்படியான ஆட்டங்கள் ஆயிரம் ஒரே நேரத்தில் ஓடவேண்டுமே. அதனால் சேர்வர் கஞ்சனாகிறது. மலைக்குப் பின்னால் உங்களுக்குத் தெரியாத பூச்சியைப் பற்றி உங்களிடம் மூச்சுவிடாது. தூரத்தில் இருப்பதைப் பற்றி எப்போதாவது சொல்லும். இடத்தை மில்லிமீற்றர் சுத்தமாகச் சொல்லாமல் தோராயமாகச் சொல்லும். எது பொருத்தம், எதை விட்டுவிடலாம் என்ற இந்தக் கணக்கை முறைப்படி வகுத்துக்கொடுத்த ஆட்ட இயந்திரங்களில், அதாவது ஆட்டங்களைக் கட்டும் அடித்தள மென்பொருள்களில், முக்கியமானது 'அன்ரியல்'. எக்ஸ்டெர்மினேஷனும் அதன் மேல்தான் நிற்கிறது. அதன் முதல் ஆட்டம் 1998 மே மாதம் வந்தது. எபிக் நிறுவனமும் ஒன்ராறியோவின் டிஜிற்றல் எக்ஸ்ட்ரீம்ஸும் சேர்ந்து, ரொறன்ரோவுக்கு மேற்கே 100 கிலோமீற்றர் அளவில் உள்ள வாட்டர்லூவில் ஆட்களைக் கூட்டிவைத்துச் செய்தது. நம் பிள்ளைகள் பலர் படிக்கப் போகும் ஊர். அங்கே பஸ் எடுத்துப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எக்ஸ்டெர்மினேஷனில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது செத்த பூச்சிகளை வைத்துச் செய்த வேலை. வழமையான ஆட்டங்களில் பிணம் சில செக்கனில் மறைந்துவிடும். கணினிக்குச் சுமை குறையவேண்டும் என்பதற்காகத்தான். இங்கே அவை கிடக்கின்றன. மதிலடியில் சுட்டு விழுத்திய பூச்சிகள் மேட்டளவு குவிந்து, அடுத்த அலைக்கு ஏணியாகிவிடுகின்றன. நன்றாகச் சுட்டதே வினையாகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது பெரிய துணிச்சல். குவியல் என்பது இனி அலங்காரம் இல்லை, நிலம். 16 திரையிலும் அது ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் இருந்தாகவேண்டும்; ஒருவரின் திரையில் மேடு, மற்றவரின் திரையில் பள்ளம் என்றால் பூச்சி காற்றில் நடக்கும். ஓடும் பூச்சியை 100 மில்லிசெக்கன் பின்னுக்குக் காட்டி ஏமாற்றலாம், கிடக்கும் மலையை ஏமாற்றிக் காட்ட முடியாது.

நண்பரின் மகனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மச்சான் இருக்கிறான், அவனிடமும் இதே ஆட்டம். நேர்கோட்டில் 13,700 கிலோமீற்றர். போய்வர 137 மில்லிசெக்கன் என்பது இயற்கை விதித்த அடிமட்டம், கடலடி வடங்களின் சுற்றுப்பாதையில் அது இரு மடங்கை நெருங்கும். சேர்வரை லண்டனில் வைத்தால் ரொறன்ரோவுக்கு 5,700, யாழ்ப்பாணத்துக்கு 8,500 என்று வலியைப் பங்குபோடலாம், குறைக்க முடியாது. கண்ணாடிக்குப் பதிலாக நடுவில் காற்று உள்ள புதுவகை இழையில் ஒளி கிட்டத்தட்ட முழு வேகத்தில் போகும்; கடல் முழுக்க அதைப் போட்டாலும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சப்படும். மனிதரோடு மனிதர் மோதும் ஆட்டமாக இருந்தால் மச்சான்மார் இரண்டே நாளில் கோபித்துக்கொண்டிருப்பார்கள். பூச்சி என்பதால் சேர்ந்து விளையாடுகிறார்கள். அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தாமதம், கோடையில் ஒன்பதரை மணித்தியாலம். இங்கே இரவு ஒன்பது மணிக்கு இவன் கூப்பிட்டால், அங்கே காலை ஆறரைக்கு அவன் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பான்.